எழுபத்தெட்டுச் சித்திரங்களில் எவை நமக்குரியவை?

மும்பையின் புறநகர்க் கிளை ஒன்றில் நாம் பணியாற்றிய காலத்தில், முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவின்கீழ் 40,000 ரூபாய் கடன் கோரி மராட்டியப் பெண்மணி ஒருவர் விண்ணப்பித்தார். விண்ணப்பத்துடன் இணைத்திருந்த விலைப்பட்டியலில் மேசை, நாற்காலிகள், பெயர்ப்பலகை, மின்விசிறி ஆகியவற்றுக்குக் கீழே ‘டாரட் சீட்டுக்கட்டு – 3’ என்று எழுதியிருந்தது. தையல் இயந்திரத்துக்கும் மாவு அரைக்கும் இயந்திரத்துக்கும் கடன் வழங்கிப் பழகிய கைகளுக்குச் சீட்டுக்கட்டு புதிது. பட்டியலைக் கண்டு சக அலுவலர் ஒருவர் புன்முறுவல் பூத்தார். நாமும் பூத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

ஆனால் அவருடைய கணக்கு ஒழுங்காக இருந்தது. மாதந்தோறும் நூறும் இருநூறும் ஐந்நூறுமாக யூபிஐ வழியே வந்து சேர்ந்த சிறு தொகைகள், ஒருவர் ஆண்டுக்கணக்கில் சோர்வின்றி உழைத்ததற்குச் சான்று கூறின. டாரட் வருங்காலத்தை உரைக்கும் என்று நாம் நம்புபவரல்லர். ஆயினும் பிறர் மனக்குறையைக் கேட்டு, படத்தை முன்வைத்துப் பேசச் செய்வதும் ஒரு சேவைத் தொழிலே. எஞ்சியது ஒரே ஐயம். ஒரு கட்டு இருக்கையில் மேலும் மூன்று எதற்கு?

அவர் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். உடலில் கட்டி ஒன்று தோன்றி, சதைப் பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருந்த முதியவர் ஒருவர் அவரிடம் வந்திருக்கிறார். கேட்க வந்தது நோயைப் பற்றியன்று. மகனுடன் உள்ள மனத்தாங்கலைப் பற்றி. மூன்றாவதாகத் திரும்பிய சீட்டில் வெள்ளைக் குதிரைமேல் கருங்கவசம் பூண்ட எலும்புக்கூடு. அடியில் ‘மரணம்’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல். டாரட் மரபில் அது உடல் அழிவைக் குறிப்பதாகக் கொள்வது அரிது. ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவதையே குறிக்கும். அதை விளக்க அவர் வாய் திறக்குமுன் முதியவர் எழுந்து, பணத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறிவிட்டார். “நான் சொல்லும் பொருளைப் படம் முந்திக்கொண்டது, சாஹேப். அன்றிரவு நான் உறங்கவில்லை” என்றார் அப்பெண்மணி.

அந்த உரையாடலுக்குப் பின்னரே இச்சீட்டுகளின் வரலாற்றை நாம் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க, அவருடைய கேள்வி எத்துணை நியாயமானது என்பது விளங்கிற்று.

டாரட் பிறந்தது குறி சொல்வதற்காகவன்று. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் செல்வர் விளையாடிய சீட்டாட்டம் அது. மிலான் கோமகன் குடும்பத்துக்காகப் பொன் பூசித் தீட்டப்பெற்ற விஸ்கொந்தி–ஸ்ஃபோர்ஸா கட்டுகளுள் ஒன்றில் 74 சீட்டுகள் இன்றும் எஞ்சியுள்ளன. அவற்றுள் 35 நியூயார்க்கின் மார்கன் நூலகத்திலும், 26 பெர்காமோ நகரின் கராரா கலைக்கூடத்திலும், மீதி 13 ஒரு குடும்பத்தின் தனி உடைமையாகவும் உள்ளன. காணாமற்போன நான்கில் சாத்தானும் இடிந்து விழும் கோபுரமும் அடக்கம். அச்சமூட்டும் சீட்டுகளை யாரேனும் வேண்டுமென்றே எறிந்துவிட்டனரோ என்று எண்ணத் தோன்றுகிறது. அது நம் கற்பனையே. இச்சீட்டுகள் எகிப்திய ஞானத்தின் எச்சம் என்று ஃபிரெஞ்சு அறிஞர் கூர் த ஜெபலின் 1781இல் எழுதினார். அதற்கு ஆதாரம் ஏதுமில்லை எனினும், குறி சொல்லும் வழக்கம் அக்காலத்திலேயே வேரூன்றியது.

இன்று கடைகளில் கிடைக்கும் கட்டுகள் பலவாயினும் அவற்றுள் பெரும்பாலானவை மூன்று மரபுகளுள் ஒன்றைச் சார்ந்தவை. மூன்றுக்கும் சீட்டுகள் 78தான். 22 பெருஞ்சீட்டுகள், கோல், கிண்ணம், வாள், நாணயம் என்னும் நான்கு இனங்களில் இனத்துக்கு 14 வீதம் 56 சிறுசீட்டுகள். வேற்றுமை முழுவதும் ஓவியத்தில் உள்ளது. அதை உணர ஒரே சீட்டை மூன்று கட்டுகளிலிருந்தும் எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று. அப்பெண்மணி நம் மேசைமேல் ‘வாள் ஆறு’ என்ற சீட்டைத் தம் கைப்பேசியில் அவ்வாறுதான் காட்டினார்.

மார்செய் மரபில் வளைந்த வாள்கள் பின்னிக் கிடக்க, நடுவே ஒரு மலர், மனிதர் எவருமில்லை. எண்ணையும் இனத்தையும் கொண்டு படிப்பவரே பொருளைக் கூட்ட வேண்டும். பழுத்த அனுபவம் உடையவர்க்கு இது பெரும் சுதந்திரம். புதியவர்க்கோ வெற்றுச் சுவர்.

1909இல் லண்டனில் வெளியான ரைடர்–வெய்ட் கட்டில் அதே சீட்டு ஒரு கதையாகிவிடுகிறது. ஓடக்காரர் ஒருவர் துடுப்பூன்ற, போர்த்திய உருவில் ஒரு பெண்ணும் பக்கத்தில் ஒரு குழந்தையும் மறுகரை நோக்கிச் செல்கின்றனர். ஓடத்தில் ஆறு வாள்கள் குத்தி நிற்கின்றன. வீட்டைவிட்டு வெளியேறிய பெண்ணொருத்தி இப்படத்தைக் கண்டால், அவளுக்கு விளக்கம் தேவையில்லை. அவளே பேசத் தொடங்கிவிடுவாள்.

தோத் கட்டிலோ ஆறு வாள்முனைகளும் ஒரு ரோஜாச் சிலுவையில் வந்து கூடுகின்றன. கீழே ‘அறிவியல்’ என்று பொருள்படும் சொல். அழகும் கணிதமும் கலந்த ஓவியம் அது. ஆனால் சிறுசீட்டுகள் பலவற்றிலும் இவ்வாறு ஒரு சொல் அச்சாகியுள்ளது. ‘வாள் பத்து’ என்ற சீட்டில் காணும் சொல் ‘அழிவு’. எதிரே அமர்ந்திருப்பவர் ஆங்கிலம் படித்தவராயின், படிப்பவர் வாய் திறக்குமுன்பே அவர் தம் தீர்ப்பைப் படித்துவிடுவார்.

ஓவியர்களைப் பற்றி இங்கே ஒரு சொல். ரைடர்–வெய்ட் கட்டு என்று வெளியீட்டாளர் பெயராலும் கருத்தை வகுத்த ஆர்தர் எட்வர்ட் வெய்ட் பெயராலும் வழங்கும் கட்டினைத் தீட்டியவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண்மணி. பெரிய வேலைக்கு மிகச் சிறு கூலியே கிடைத்ததென அவரே ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். உலகெங்கும் இடைவிடாது விற்பனையாகும் சித்திரங்களைப் படைத்தவர், 1951இல் கார்ன்வாலில் கடனாளியாக மறைந்தார். வங்கித் தொழிலில் இருப்பவர்க்கு இச்செய்தி சற்று உறுத்தவே செய்யும். தோத் கட்டினைத் தீட்டிய ஃப்ரீடா ஹாரிஸ் சீமாட்டியோ 1938 முதல் 1943 வரை உழைத்துப் படங்களை முடித்தார். பிற்காலத்தில் இந்தியா வந்து, 1962இல் ஸ்ரீநகரில் காலமானார். முழுக் கட்டு அச்சானது 1969இல். அதை அவர் கண்ணால் காணவில்லை.

இனி, கட்டு வாங்க விரும்பும் அன்பர்களுக்கு அப்பெண்மணி கூறியவற்றுள் நமக்குப் பயனுடையனவாகத் தோன்றியவை சில. அட்டைப்பெட்டியின் மேலுள்ள அழகிய படத்தைக் கண்டு மயங்கலாகாது. அது எப்போதும் கட்டின் மிகச் சிறந்த ஓவியமாகவே இருக்கும். மரணம், கோபுரம், சாத்தான், வாள் மூன்று, வாள் பத்து ஆகிய ஐந்தையும் முதலில் பார்க்க வேண்டும். நோயாளியிடமோ அண்மையில் துணையை இழந்தவரிடமோ இவ்வைந்தையும் நம்மால் காட்ட இயலுமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்து, சிறுசீட்டுகளில் மனிதர் இருக்கின்றனரா, இருப்பின் எல்லோரும் இளமையும் எழிலும் உடையவர்கள்தாமா என்று நோக்க வேண்டும். அறுபது வயதுக்காரர் தம்மை எங்கே காண்பார்?

கை அளவும் முக்கியம். வழக்கமான டாரட் சீட்டு ஏறத்தாழ 7 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் உடையது, ஆட்டச்சீட்டைவிடப் பெரியது. சிறிய கையினர் கலைத்துப் பார்த்தே வாங்குதல் வேண்டும். தலைகீழாக விழும் சீட்டுக்கும் பொருள் சொல்பவராயின், முதுகுப்புறச் சித்திரம் இருபுறமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். இல்லையேல் எது தலைகீழ் என்பது எடுக்குமுன்பே தெரிந்துவிடும். நடைபாதையிலும் இணையத்திலும் பாதி விலைக்குக் கிடைக்கும் போலிக் கட்டுகளில் வண்ணம் மங்கியும் ஓரம் வெட்டுப்பட்டும் இருக்கும். ஓவியர்க்கு ஒரு காசும் போய்ச் சேராது. அயல்நாட்டு ஓவியரிடம் நேரே வாங்குவோர், தம் அட்டையில் பன்னாட்டுப் பரிவர்த்தனை வசதியை வாங்கும் நாளில் மட்டும் திறந்து, வரம்பு குறித்து, பின்னர் மூடிவிடுதல் நலம்.

நம் நாட்டுக் கலையில் கட்டு வேண்டும் என்போர்க்கு ஒரு விளக்கம். சாவந்த்வாடியில் இன்றும் கையால் தீட்டப்பெறும் வட்டவடிவ கஞ்சிஃபா சீட்டுகள் கண்ணைக் கவர்வன. ஆனால் அவை டாரட் அல்ல. தசாவதாரக் கட்டில் பத்து அவதாரங்களுக்குப் பன்னிரண்டு வீதம் 120 சீட்டுகள். சுவரில் மாட்டி மகிழலாம். டாரட் நூலை வைத்துக்கொண்டு அவற்றைப் படிக்க முயல்வது வீண்.

கடன் வழங்கப்பெற்றது. அப்பெண்மணி வாங்கிய கட்டுகளுள் ஒன்றில் மரணத்தின் இடத்தில் எலும்புக்கூடு இல்லை. அறுவடை முடிந்த வயலும் தொலைவில் ஒரு விளக்கும் மட்டுமே. பல மாதங்கள் அதையே பயன்படுத்தினார். பின்னர்க் கணவரை இழந்த பெண்ணொருவர் வந்தபோது அந்தச் சீட்டே விழுந்தது. படத்தை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, “என் வீட்டில் நடந்தது இவ்வளவு அழகாக இல்லையே” என்றாராம் அவர். அன்று நம் வாடிக்கையாளர் அலமாரியிலிருந்த பழைய கட்டை எடுத்து, குதிரைமேல் வரும் எலும்புக்கூட்டின் படத்தை மேசைமேல் வைத்தார். வந்தவர் அதைக் கண்டு அழுதார். பின்னர் ஒரு மணி நேரம் பேசினார். குதிரையின் முன்னே மண்டியிட்ட குழந்தையையும், பின்னணியில் இரு கோபுரங்களுக்கிடையே தெரியும் கதிரவனையும் சுட்டிக் காட்டியவர் அவரேயாம்.

இப்போது இரு கட்டுகளும் வெவ்வேறு நிறப் பைகளில் அம்மேசைமேல் இருக்கின்றன. வருபவர் அமர்ந்தவுடன் இரண்டிலிருந்தும் சில சீட்டுகளை எடுத்துக் காட்டி, எது வேண்டும் என்று முதலில் கேட்கிறார். மூன்றாவது கட்டு எவருக்கும் பிடிக்கவில்லை. அதைத் தவணை முடிவதற்குள் விற்றுவிட முயன்று வருகிறார். எழுந்து சென்ற முதியவர் மீண்டும் வரவில்லை. அவர் மேசைமேல் விட்டுச் சென்ற பணத்தை அப்பெண்மணி இன்னும் ஓர் உறையில் தனியே வைத்திருக்கிறார். கணக்கில் செலுத்த அவருக்கு மனம் வரவில்லை.