ஒயில் சொட்டினால் காஸ்கட் மட்டும்தான் காரணமா?

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; ஹப்புத்தளை ஏறக்குறைய 1,430 மீற்றர். ஹாலி-எல, பண்டாரவளை என்று இடையில் உள்ள வீதியெல்லாம் ஏற்றமும் வளைவும்தான். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாவதற்கு முந்திய துரைமார் காலத்து மொரிஸ் மைனர் கார்களை இன்றும் பொத்திப் பாதுகாப்பவர்கள் மலையகத்தில் உண்டு. கார் நின்ற இடத்தில் ஒயில் சொட்டுவதுதான் அவர்களுடைய தீராத கவலை.

1952 முதல் மைனரில் பூட்டப்பட்ட ‘ஏ’ வரிசை எஞ்சின்தான் 1958இல் வந்த ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட், 1961இல் வந்த எம்.ஜி. மிட்ஜெட் ஆகிய ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இருந்தது. ஆகவே இவற்றுக்கு நோயும் ஒன்று, மருந்தும் ஒன்று.

இந்த எஞ்சினின் வால்வு மூடிக்கு அடியில் இருப்பது தக்கை காஸ்கட். 1665இல் ரொபர்ட் ஹூக் நுணுக்குக்காட்டியில் கண்ட காற்றடைத்த சிறு அறைகளால் ஆனது தக்கை. அழுத்தினால் றப்பரைப் போல அது பக்கவாட்டில் பிதுங்காது. உள்ளுக்குள்ளேயே சுருங்கி இடைவெளியை அடைக்கும். கசிகிறதே என்று நட்டை மேலும் மேலும் இறுக்கினால் மெல்லிய தகட்டு மூடி வளைந்துவிடும், தக்கையும் நசுங்கிப்போகும். மூடியின் விளிம்பைச் சமதளத்தில் வைத்துத் தட்டி நேராக்கி, புதுத் தக்கை வைத்து, அளவாக இறுக்குவதே முறை.

கிராங்கின் பின்முனையில் உள்ள சிக்கல் வேறு. அங்கே றப்பர் சீல் இல்லை. தண்டில் வெட்டிய திருகுபள்ளம், சுழலும்போது ஒயிலைத் திரும்ப உள்ளே தள்ளும். எஞ்சின் நின்றால் அந்த வேலையும் நின்றுவிடும். மூக்கு மேட்டைப் பார்க்க ஏற்றத்தில் நிறுத்திய காரில் ஒயில் பின்பக்கம் சேர்ந்து, கிளட்ச் கூட்டின் அடித் துளையில் செருகியிருக்கும் பின் வழியாகச் சொட்டும். எந்தக் காஸ்கட்டை மாற்றினாலும் இது தீராது. காரைச் சமதரையில் நிறுத்துவதும், ஒயிலை அளவுகோலின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாமலிருப்பதும் உதவும்.

மூன்றாவது காரணம் அழுத்தம். பிஸ்டன் றிங் தேய்ந்தால் எரிந்த வாயு கீழே இறங்கும். அது வெளியேற வேண்டிய பிரீதர் குழாய் கரியால் அடைபட்டிருந்தால், உள்ளே சேரும் அழுத்தம் நல்ல காஸ்கட்டின் ஓரத்தாலும் ஒயிலை வெளியே தள்ளும்.

கசிவின் மூலத்தைக் கண்டுபிடிக்க எஞ்சினைக் கழுவித் துடைத்து, முகப்பவுடர் தூவி, சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்திப் பாருங்கள். ஒயில் கீழே வழிந்து, காற்றில் பின்னால் பரவும். எனவே பவுடர் நனைந்த இடங்களில் மிக உயரத்திலும் மிக முன்னாலும் உள்ளதே மூலம்.

முதலில் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள். அடுத்து மூடிகளைப் பாருங்கள். எஞ்சினை இறக்குவது கடைசி வழியாக இருக்கட்டும். இந்த வரிசையில் போனால் பாதிச் செலவு மிஞ்சும். காரும் இன்னும் பல காலம் மலையேறும்.