யந்திரத்தின் கணிப்பொறியைத் திருத்தலாமா?

மோட்டார் வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுத்த உரிமையாளர், அதில் எந்தப் பகுதி மாற்றப்பட்டது என்பதை ஒரு காலத்தில் கண்ணால் கண்டு தெரிந்துகொள்ள முடிந்தது. தேய்ந்துபோன பழைய பகுதியைத் துணியில் சுற்றி அவர் கையிலேயே கொடுத்து அனுப்புவது தொழிலாளியின் வழக்கம். இன்றோ, வண்டியின் முகப்புப் பலகைக்கு அடியிலுள்ள துளையில் ஒரு கம்பி வடத்தைப் பொருத்துகிறார்கள். அரைமணி நேரம் கழித்து, "யந்திரத்தின் கணிப்பொறியைப் புதுப்பித்துவிட்டோம்" என்று கூறி வண்டியை ஒப்படைக்கிறார்கள். பழைய பகுதி என்று கையில் கொடுக்க எதுவும் இல்லை. வண்டி முன்போலவே தோற்றமளிக்கிறது. ஆனால், அதன் நடத்தை மாறியிருக்கக்கூடும்.

ஆந்திரப் பிரதேசத்தில், தமிழ்நாட்டின் எல்லையையொட்டி நகரிக்கு அருகில் உள்ள விஜயபுரத்தில் வசிக்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். நெசவுத் துணி வாணிபம் செய்பவர். டீஸலில் ஓடும் கார் ஒன்று அவரிடம் இருக்கிறது. ஒரு நாள் திருத்தணி, ஒரு நாள் புத்தூர், ஒரு நாள் திருப்பதி என்று அது ஓடிக்கொண்டே இருக்கிறது. அவ்வப்போது திருமலையின் மலைப்பாதையிலும் ஏறுகிறது. விற்பனை நிலையத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வருகிறது: "தங்கள் வண்டியின் கணிப்பொறிக்குப் புதிய மென்பொருள் வந்திருக்கிறது, கட்டணம் இல்லை, உடனே வண்டியைக் கொண்டு வரவும்." புதுப்பித்த பிறகு வண்டி மேடு ஏறத் திணறுகிறது என்று நண்பர் ஒருவர் எச்சரிக்கிறார். அவர் இதை ஏற்பதா, மறுப்பதா?

இக்கேள்விக்கு விடை காண, அக்கணிப்பொறி செய்யும் வேலையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

கணிப்பொறி செய்யும் வேலை

டீஸல் யந்திரத்தின் உருளைக்குள் எவ்வளவு எண்ணெயை, எந்தக் கணத்தில் பீச்ச வேண்டும் என்பதை இப்பொழுது தீர்மானிப்பது உள்ளங்கை அகலமுள்ள ஒரு பெட்டியே ஆகும். காற்றின் அளவு, குளிர்நீரின் உஷ்ணம், சக்கரத்தின் வேகம், ஓட்டுநர் மிதிக்கும் மிதியின் நிலை ஆகியவற்றை உணர்விகள் வாயிலாக அது இடைவிடாது அறிந்துகொள்கிறது. பிறகு, தன்னுள் எழுதி வைக்கப்பட்டுள்ள அட்டவணைகளைப் பார்த்து ஆணையிடுகிறது. "மென்பொருளைப் புதுப்பித்தல்" என்பது இந்த அட்டவணைகளையும் ஆணைகளையும் மாற்றி எழுதுவதே ஆகும்.

எண்ணெய் எரியும்பொழுது உருளைக்குள் உஷ்ணம் மிகுதியானால், காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி நைட்ரஜன் ஆக்ஸைடுகள் உண்டாகின்றன. இவை நுரையீரலை உறுத்துபவை. வெயிலில் பிற வாயுக்களுடன் வினைபுரிந்து, தரையை ஒட்டிய காற்றில் ஓஸோனை உண்டாக்குபவை. இவற்றைக் குறைப்பதற்காகப் புகையின் ஒரு பகுதியை மீண்டும் உருளைக்குள் செலுத்துகிறார்கள். அதனால் உஷ்ணம் தணிகிறது. நைட்ரஜன் ஆக்ஸைடுகள் குறைகின்றன. ஆனால், கரி அதிகரிக்கிறது. புகையைத் திருப்பியனுப்பும் வால்வில் அது நாளடைவில் படியவும் கூடும். ஆகவே, தூய்மை, ஆற்றல், சிக்கனம், யந்திரத்தின் ஆயுள் ஆகிய நான்கிற்கும் இடையே ஏதோ ஒரு சமரசத்தைத்தான் ஒவ்வொரு மென்பொருளும் செய்கிறது. அந்தச் சமரசம் எப்படிப்பட்டது என்பதை உரிமையாளர் வெளியிலிருந்து காண இயலாது.

சாலையில் வெளிப்பட்ட உண்மை

இவ்வாறு கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய தவறுக்கு இடமளிக்கும் என்பதை ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் வழக்கு உலகுக்கு உணர்த்தியது. அமெரிக்காவில் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், வண்டியிலேயே ஏற்றிச் செல்லத்தக்க கருவிகளைக் கொண்டு மூன்று டீஸல் கார்களின் புகையைச் சாலையில் அளந்தனர். அக்குழுவில் ஒருவர் சென்னையிலிருந்து சென்ற அரவிந்த் திருவேங்கடம் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். 2014-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த அவர்களுடைய அறிக்கையின்படி, ஒரு கார் அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 15 முதல் 35 மடங்கும், மற்றொன்று 5 முதல் 20 மடங்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளை வெளியிட்டன. இரண்டும் சோதனைக்கூடத்தில் தேர்ச்சி பெற்ற வகைகளே.

இதன் காரணம் 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் வெளிப்பட்டது. சோதனைக்கூடத்தில் வண்டி உருளைகளின்மீது ஓடுகிறது. சக்கரம் சுழல்கிறது, ஆனால் ஸ்டியரிங் திரும்புவதில்லை. இது போன்ற குறிகளைக் கண்டு, தான் சோதிக்கப்படுவதை மென்பொருள் உணர்ந்துகொண்டது. அப்பொழுது மட்டும் தூய்மையாக ஓடும்படி யந்திரத்திற்கு ஆணையிட்டது. சாலைக்கு வந்ததும் வேறு முறைக்கு மாறியது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் இத்தகைய மென்பொருள் இருந்ததாக அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது.

இந்தியாவிலும் இதன் எதிரொலி எழுந்தது. புணேயிலுள்ள இந்திய மோட்டார் வண்டி ஆராய்ச்சிச் சங்கம் அந்நிறுவனத்தின் கார்களைச் சாலையில் சோதித்தபொழுது, பாரத் நான்காம் நிலை வரம்பைப்போல் 1.1 முதல் 2.6 மடங்கு வரை வெளியீடு காணப்பட்டது. 2015 டிசம்பரில், மென்பொருளைத் திருத்துவதற்காக ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி ஆகிய பெயர்களில் விற்கப்பட்ட 3,23,700 வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் அறிவித்தது. அதே சமயம், இந்தியச் சட்டத்தைத் தான் மீறவில்லை என்றும் வாதித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச் மாதத்தில் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதற்காகக் கட்டாய நடவடிக்கை எதுவும் எடுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதத்தில் ஆணையிட்டது.

உரிமையாளர்கள் ஆண்டுதோறும் பெறும் புகைச் சான்றிதழில் இக்குறை தெரியாதோ என்று வாசகர்கள் கேட்கலாம். தெரியாது. டீஸல் வண்டிகளுக்கு அச்சோதனையில் அளக்கப்படுவது புகையின் கருமை மட்டுமே. நைட்ரஜன் ஆக்ஸைடுகள் அளக்கப்படுவதில்லை. கரும்புகை இல்லாத வண்டியும் காற்றைக் கெடுக்கக்கூடும்.

திருத்தமும் சோதனைக்குரியதே

தவறான மென்பொருளைத் திருத்தும் புதிய மென்பொருளை ஐயமின்றி ஏற்றுக்கொள்ளலாம் என்று தோன்றும். அவ்வாறு நம்பியவர்கள் ஒருமுறை ஏமாந்தனர். பல்கலைக்கழக அறிக்கை வெளிவந்த பின்பு, 2014 டிசம்பரில், அமெரிக்காவில் சுமார் 5 லட்சம் உரிமையாளர்களை அழைத்து மென்பொருளைப் புதுப்பித்துத் தர நிறுவனம் முன்வந்தது. புகையைக் குறைப்பதற்கான திருத்தம் என்று கூறப்பட்டதை நம்பி உரிமையாளர்கள் வண்டிகளைக் கொண்டுபோயினர். 2015 மே மாதத்தில் கலிபோர்னியா காற்று வள வாரியம் அவ்வண்டிகளை மீண்டும் சோதித்தபொழுது, வெளியீடு வரம்பிற்கு மேலேயே இருந்தது. சோதனைக்கூடத்தை இன்னும் துல்லியமாக அடையாளம் காண்பதற்காக, ஸ்டியரிங் திரும்பும் கோணத்தைக் கவனிக்கும் ஆணையும் அந்தப் புதுப்பிப்பிலேயே சேர்க்கப்பட்டிருந்தது என்பது 2017-இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆவணங்களால் தெளிவாயிற்று. நோய்க்கு மருந்து என்று கொடுக்கப்பட்டது, நோயை மறைக்கும் மருந்தாக இருந்தது.

2022 ஜூலை 14-ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நம் பகுதிக்கு மேலும் நெருக்கமானது. 2015-க்குப் பின் ஐரோப்பாவில் அளிக்கப்பட்ட புதுப்பிப்பில், புகையைத் திருப்பியனுப்பும் அமைப்பு வெளிக்காற்றின் உஷ்ணம் 15 முதல் 33 டிகிரி வரை இருக்கும்பொழுதுதான் முழுமையாக வேலை செய்தது. உஷ்ணம் இந்த எல்லையைக் கடந்தாலும், வண்டி 1,000 மீட்டர் உயரத்திற்கு மேல் சென்றாலும் அதன் வேலை குறைக்கப்பட்டது. யந்திரத்தின் பகுதிகளைக் காப்பதற்கே இவ்வாறு செய்ததாக நிறுவனம் கூறியது. ஆண்டின் பெரும்பகுதி நேரம் இந்தக் குறைப்பு நேரிடுமானால் அதை அனுமதிக்க இயலாது என்று நீதிமன்றம் கூறியது. திருப்பதியிலும் நகரியிலும் கோடையில் 40 டிகிரி வெயில் புதுமையன்று. 33 டிகிரியைக் கடக்கும் நாட்களோ மிகப் பல. அயல்நாட்டின் தட்பவெப்பத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட அட்டவணை நம் ஊரில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்று கேட்பது, ஆகையால், வீண் ஐயம் அன்று.

மறுப்பதும் எளிதன்று

இவற்றைப் படித்துவிட்டு, எந்தப் புதுப்பிப்பும் வேண்டாம் என்று முடிவு செய்வது பிழையாகும். 2015 ஜூலையில் அமெரிக்காவில் ஜீப் வண்டி ஒன்றை, ஆராய்ச்சியாளர் இருவர் தொலைவிலிருந்தே கணிப்பொறி வழியாகக் கட்டுப்படுத்திக் காட்டினர். அதை உற்பத்தி செய்த நிறுவனம் 14 லட்சம் வண்டிகளின் மென்பொருளைத் திருத்த வேண்டியதாயிற்று. இத்தகைய திருத்தத்தை மறுப்பவர் தம் உயிரையும், எதிரே வருபவர் உயிரையும் அபாயத்திற்கு உள்ளாக்குகிறார். நம் நாட்டிலும், 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், பயணிகளுக்கோ பிறருக்கோ சுற்றுப்புறத்திற்கோ தீங்கு விளைவிக்கும் குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு உற்பத்தியாளருக்கு ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசாங்கத்திற்கு அளித்துள்ளது; அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன.

இன்னொன்றையும் இங்கே பிரித்தறிய வேண்டும். வண்டிக்கு வலிமை கூட்டித் தருவதாகச் சொல்லி வெளியார் சிலர் கணிப்பொறியை மாற்றி எழுதுகிறார்கள். அது உற்பத்தியாளரின் திருத்தம் அன்று. உற்பத்தியாளர் வகுத்த அமைப்பினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைச் சட்டமும் அனுமதிப்பதில்லை.

கேட்க வேண்டியவை

எனவே, உரிமையாளர் விற்பனை நிலையத்தாரிடம் நான்கு கேள்விகளைக் கேட்டு, எழுத்தில் விடை பெறுவது நன்று.

முதலாவது: இது எவ்வகைத் திருத்தம்? பாதுகாப்பைப் பற்றியதா, புகையைப் பற்றியதா, அல்லது வசதிக்கானதா? பாதுகாப்பைப் பற்றியதானால் தாமதியாமல் ஏற்க வேண்டும். வசதிக்கானதானால் அவசரம் இல்லை.

இரண்டாவது: எது மாறுகிறது? எண்ணெய்ச் செலவு, இழுக்கும் ஆற்றல் ஆகியவற்றில் என்ன வேறுபாடு நேரும்? எந்த உஷ்ணத்திலும் எந்த உயரத்திலும் இந்த மாற்றம் முழுமையாக வேலை செய்யும்?

மூன்றாவது: சோதித்தவர் யார்? உற்பத்தியாளரின் சொல் மட்டும் போதாது. புணேயிலுள்ள ஆராய்ச்சிச் சங்கம் போன்ற, அரசாங்கம் அங்கீகரித்த சோதனை நிலையம் ஒன்று அதை ஏற்றுக்கொண்டிருக்கிறதா?

நான்காவது: பிறகு வால்வோ எண்ணெய் பீச்சும் கருவியோ பழுதானால் செலவு யாருடையது? பெரும்பாலும் பழைய மென்பொருளை மீண்டும் எழுதித் தரமாட்டார்கள். ஆகவே, இக்கேள்வியை முன்னரே கேட்டுவிட வேண்டும்.

இவற்றுடன், திருத்தத்திற்கு முன்னும் பின்னும் கணிப்பொறியிலுள்ள மென்பொருளின் எண்ணை ரசீதில் குறித்துத் தரச் சொல்ல வேண்டும். பழைய பகுதியைக் கையில் வாங்கிக்கொள்வதற்கு ஈடானது இதுவே. எழுதிக்கொண்டிருக்கும்பொழுது மின்சாரம் குறைந்தால் கணிப்பொறி கெட்டுவிடக்கூடும். பாட்டரிக்குத் துணை மின்னூட்டி பொருத்தியிருக்கிறார்களா என்பதையும் கவனிக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு. தொட்டியை நிறைய நிரப்பிக்கொண்டு வழக்கமான சாலையில் ஓட்டி, மறுபடியும் நிரப்ப வேண்டும். ஓடியது 640 கிலோமீட்டர், நிரப்பியது 32 லிட்டர் என்றால், லிட்டருக்கு 20 கிலோமீட்டர். ஒருமுறை கிடைக்கும் கணக்கு போதாது. சுமை, குளிர்சாதனம், நெரிசல் ஆகியவற்றால் அது மாறும். திருத்தத்திற்கு முன் மூன்று முறையும், பின் மூன்று முறையும் அளந்து ஒப்பிட்டால், நண்பரின் எச்சரிக்கை மெய்யா, மனத்தோற்றமா என்பது விளங்கும்.

விஜயபுரத்து அன்பர் என்ன செய்யலாம்? கடிதம் புகையைப் பற்றியதாக இருந்து, சோதனை நிலையத்தின் ஒப்புதலும் காட்டப்பட்டால், அவர் ஏற்பதே முறை. மலைப்பாதையில் சற்று வேகம் குறைந்தாலும் அது அவர் ஒருவருக்கு நேரும் குறை. வண்டி வெளியிடும் வாயுவையோ நகரிக் கடைத்தெருவில் நடந்து செல்லும் குழந்தைகளும் சுவாசிக்கிறார்கள். ஒப்புதலைக் காட்டாமல், "எல்லாம் சரியாக இருக்கும்" என்று மட்டும் சொன்னால், விடை எழுத்தில் வரும்வரை அவர் காத்திருக்கலாம். அவ்வாறு கேட்பது அவநம்பிக்கை ஆகாது. 2013-இல் மூன்று கார்களைச் சாலைக்குக் கொண்டுவந்து அளந்து பார்த்தவர்களும், சொல்லை அப்படியே ஏற்காமல் சோதித்ததனால்தான் உண்மையைக் கண்டார்கள். அந்த மனப்பான்மை சோதனைக்கூடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று; வண்டியின் சாவியைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது.