வன்தட்டில்லாக் கணினிகளும் மையத்தின் உடைமையும்: மலையகப் பாடசாலைகளை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

1

இலக்கிய மாணவன் ஒருவன் கணினிகளை இணைக்கும் முறை பற்றி எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பளித்தல் கூடும். எனினும், எழுத்து எதிலே பொறிக்கப்படுகிறது, அது எவர் கையிலே பாதுகாக்கப்படுகிறது, அதனை அடையும் வழி எவருக்குத் திறந்துள்ளது ஆகிய வினாக்கள் ஏட்டுச்சுவடிக் காலந்தொட்டு இலக்கிய வரலாற்றின் வினாக்களாகவே இருந்து வந்துள்ளன. அவ்வினாக்களுக்கான விடையை இன்று பெருமளவு தீர்மானிப்பவை கணினிகளும் அவற்றை இணைக்கும் வலையமைப்புகளுமே. ஆதலின் அவற்றின் உள்ளமைப்பைப் பொறியியலாளரிடம் ஒப்படைத்துவிட்டு, பண்பாடு பற்றி மட்டும் நாம் பேசிக்கொண்டிருத்தல் பொருத்தமன்று.

கண்டி நகருக்குத் தெற்கே, ஹந்தானை மலைச்சரிவிலே, 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக இயங்கி வருகிறது. இத்தகைய பழைய தொழிற்சாலைகளில் ஒரே ஒரு இயந்திரம் சுழல, அதன் விசை கூரையருகே ஓடிய நீண்ட தண்டின் வழியாகவும் பட்டிகளின் வழியாகவும் கொழுந்தை உருட்டும் பல பொறிகளைச் சென்றடைந்தது. வளர்ச்சியடைந்த இயந்திரத் தொகுதியை இயக்கும் பொறி, விசையைக் கடத்தும் அமைப்பு, வேலை செய்யும் கருவி என மூன்று கூறுகளாக மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்திலே பகுத்துக் காட்டியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. வன்தட்டில்லாக் கணினிகள் நிறைந்த ஓர் அறையும் புறத்தோற்றத்தில் இத்தகையதே. நடுவே ஒரு சேவையகக் கணினி; அதிலிருந்து செல்லும் வடங்கள்; வடங்களின் முனையில் மாணவர் அமரும் கணினிகள். இவ்வொப்புமை எவ்வளவு தூரம் பொருந்துகிறது, எவ்விடத்தில் முறிகிறது என்பதை நோக்கின் இத்தொழில்நுட்பத்தின் இயல்பு தெளிவாகும்.

2

சாதாரணக் கணினியொன்றிலே பணிசெயல் முறைமை அதன் வன்தட்டில் எழுதப்பட்டிருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் கணினி அதனை அங்கிருந்து தன் நினைவகத்துக்கு எடுத்துக்கொண்டு இயங்கத் தொடங்கும். வன்தட்டு இல்லாத கணினிக்கோ எடுத்துக்கொள்ளத் தன்னிடத்தே எதுவுமில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் தன் வலையமைப்பு அட்டையிலே பொறிக்கப்பட்ட முகவரி ஒன்றும், பி.எக்ஸ்.ஈ. எனப்படும் மிகச் சிறிய ஆணைத்தொடரும் மட்டுமே. அதன் தொடக்கம் நான்கு படிகளில் நிகழ்கிறது.

முதலாவதாக, அது வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி ஒரு வினாவை எழுப்புகிறது: என் முகவரி எது, நான் எதைக்கொண்டு தொடங்குவது? டி.எச்.சி.பி. என்னும் நெறிமுறையின் வழியே சேவையகம் இதற்கு விடையளிக்கிறது. கணினிக்குரிய வலையமைப்பு முகவரி, தொடக்கக் கோப்பு இருக்கும் இடம், அக்கோப்பின் பெயர் ஆகியவை அவ்விடையில் அடங்கும். இரண்டாவதாக, ரி.எப்.ரி.பி. என்னும் எளிய நெறிமுறையின் வழியே கணினி அக்கோப்பைப் பெறுகிறது. இந்நெறிமுறையின் அடிப்படை வடிவில் கோப்பு 512 பைட்டுக் கொண்ட துண்டுகளாக அனுப்பப்படும். ஒரு துண்டு கிடைத்ததென்ற ஒப்புதல் வந்த பின்னரே அடுத்தது புறப்படும். மூன்றாவதாக, இவ்வாறு கிடைத்த சிறு ஆணைத்தொடர் லினக்ஸின் கருவையும் அதற்குத் துணையான தொடக்கக் கோப்புத் தொகுதியையும் வரவழைக்கிறது. நான்காவதாக, நினைவகத்திலே உயிர்பெற்ற லினக்ஸ், என்.எப்.எஸ். போன்ற முறையொன்றின் மூலம், சேவையகத்திலுள்ள கோப்பகத்தைத் தன்னுடைய வன்தட்டைப் போலவே பாவிக்கத் தொடங்குகிறது.

பொதுக் கோப்பகம் வாசிப்பதற்கு மட்டுமே திறந்திருக்கும். ஒரு மாணவர் செய்யும் தற்காலிக மாற்றங்கள் அவருடைய கணினியின் நினைவகத்திலே தங்கி, மின்சாரத்தை நிறுத்தியதும் மறைந்துவிடும். அவர் எழுதிய கட்டுரையோ சேவையகத்தில் அவருக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில் நிலைத்திருக்கும். எனவே அவர் நாளை எந்தக் கணினியின் முன் அமர்ந்தாலும் தன் வேலையைத் தொடரலாம். சேவையகத்திலே ஒருமுறை தமிழ் எழுத்துருவையும் ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பையும் நிறுவினால், அறையிலுள்ள கணினிகள் யாவும் மறுமுறை தொடங்கும்போது அவற்றைப் பெற்றுவிடும். அங்கே செய்யும் பிழையும் அவ்வாறே யாவற்றையும் சென்றடையும் என்பது மறக்கத்தக்கதன்று.

தேயிலைத் தொழிற்சாலையின் ஒப்புமை இவ்விடத்தில் முறிவதைக் காணலாம். அங்கே கருவிகளுக்குத் தம் சொந்த விசை கிடையாது. இங்கே மாணவரின் கணினி தன் செயலியையும் நினைவகத்தையும் கொண்டு தானே கணிக்கிறது. சேமிப்பு மட்டுமே மையத்தில் உள்ளது. கணிப்பு முழுவதையும் சேவையகமே செய்து, முனையில் இருப்பது திரையும் விசைப்பலகையும் மட்டுமே என்னும் நிலைக்கு இறங்கும் பிறிதொரு முறையும் உண்டு. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்புதல் கூடாது. முதலாவது முறையில் சேவையகம் மிக வலியதாக இருக்க வேண்டியதில்லை.

3

இம்முறையின் வரலாறு பொருளாதார வரலாறும் ஆகும். ரி.எப்.ரி.பி. நெறிமுறை 1981இலும், கணினி தன் முகவரியையும் தொடக்கக் கோப்பையும் வினவும் பூட்பி என்னும் நெறிமுறை 1985இலும் வெளியிடப்பட்டன. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் என்.எப்.எஸ். முறையை அறிமுகப்படுத்தியது. அக்காலத்தில் வன்தட்டுகளின் விலை மிக அதிகம். ஆதலின் பலர் ஒரு தட்டைப் பகிர்ந்துகொள்வது ஆய்வுகூடங்களுக்கு இலாபகரமாயிருந்தது. 1990களில் தட்டுகள் மலிவடையவே இம்முறை பின்தள்ளப்பட்டது. எனினும் 1996இல் ஒராக்கிள் முதலிய பெருநிறுவனங்கள் ‘வலையமைப்புக் கணினி’ என்னும் பெயரில் இதனை ஒத்த கருத்தொன்றைச் சந்தைக்குக் கொண்டுவர முனைந்தன. அம்முயற்சி நிலைக்கவில்லை.

அதே பத்தாண்டின் இறுதியில் வேறொரு தளத்திலிருந்து இக்கருத்து மீண்டும் எழுந்தது. 1999இல் தொடங்கிய லினக்ஸ் முனையச் சேவையகத் திட்டம், கழிக்கப்பட்ட கணினிகளைப் பாடசாலைகளில் மீளப் பயன்படுத்தும் வழியைத் திறந்துவைத்தது. 2019இல் புதிதாக எழுதப்பட்ட அதன் மென்பொருள் இன்று கிரேக்க நாட்டுப் பாடசாலைகள் பலவற்றில் வழக்கில் உள்ளது. நிறுவனங்கள் சந்தைக்காக முயன்றதைத் தன்னார்வலர் பொதுவுடைமையாக ஆக்கினர் எனலாம். எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் இடமளிக்கும் பொது உரிமம் இதற்கு அடிப்படையாயிற்று. கேரளத்து அரசுப் பாடசாலைகள் கட்டற்ற மென்பொருளைப் பெருமளவில் ஏற்றுக்கொண்டமையும், 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹந்தானை மலையின் பெயரையே தாங்கி லினக்ஸ் பதிப்பொன்று இலங்கையில் உருவாக்கப்பட்டமையும் இப்போக்கின் வெளிப்பாடுகளே.

4

இதனை மலையகத்தின் நிலைமையோடு பொருத்தி நோக்குதல் வேண்டும். 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலைகளை உரியவாறு எட்டவில்லை. அரசு அவற்றைப் பரவலாகப் பொறுப்பேற்றது 1970களிலும் அதன் பின்னருமே. பிந்தி வந்தோருக்குப் பழையது என்னும் நியதி கணினிக் கல்வியிலும் தொடர்கிறது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது சில வாரங்களுக்குள் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேல் உயர்ந்தது. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. இறக்குமதி செய்யப்படும் ஒவ்வோர் உதிரிப்பாகமும் பாடசாலைகளுக்கு எட்டாக்கனியாயிற்று. 2025 அக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10இற்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அதன் அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதியற்றவையெனப் பல பழைய கணினிகள் ஒதுக்கப்பட்டன. இவற்றுட் பல பழுதடைந்தவை அல்ல என்பது மனங்கொள்ளத்தக்கது. அவற்றைப் பழையனவாக்கியது சந்தையின் காலக்கணக்கு.

கண்டிக்கு அண்மையிலுள்ள பாடசாலையொன்றில் இத்தகைய கணினிகளைக் கொண்டு ஓர் அறையை அமைக்கும் வேலையில் ஆசிரியர் சிலரோடு நானும் உடனிருந்தேன். முதல் நாள் ஒரு கணினியும் தொடங்கவில்லை. ஒவ்வொன்றும் முகவரியைப் பெற்றது. தொடக்கக் கோப்பின் பெயரைப் பெறவில்லை. அறையின் மூலையிலிருந்த இணைய இணைப்புப் பெட்டியும் டி.எச்.சி.பி. வினாவுக்கு விடையளித்துக்கொண்டிருந்ததை மாலையிலேதான் கண்டோம். முகவரி வழங்குவதை அப்பெட்டியிடமே விட்டு, தொடக்கக் கோப்பைப் பற்றிய செய்தியை மட்டும் எங்கள் சேவையகம் அறிவிக்கும்படி அமைத்த பின்னரே திரைகள் ஒளிர்ந்தன.

வேறு இரு வரையறைகளும் உள. நூறு மெகாபிட் வேகங்கொண்ட வடம் ஒரு விநாடிக்கு மிகக் கூடியது 12.5 மெகாபைட்டுகளையே கடத்தும். தொடங்குவதற்கு 60 மெகாபைட் தேவைப்படும் 20 கணினிகளை ஒரே வேளையில் இயக்கினால், 1200 மெகாபைட்டுகள் சேவையகத்தின் ஒரே வடத்தின் வழியே செல்லவேண்டும். அதற்குக் குறைந்தது 96 விநாடிகள் ஆகும். ஆதலின் சேவையகத்துக்கும் வலையமைப்பு இணைப்பிக்கும் இடையிலாவது பத்து மடங்கு வேகமான இணைப்பு அவசியம். இரண்டாவது வரையறை இதனினும் பாரதூரமானது. சேவையகம் நின்றால் இருபது பேரும் நிற்பர். அதன் முழுப் பிரதியொன்றை வேறொரு தட்டிலே வைத்திருப்பதும், மின்வெட்டின்போது அதற்கு மட்டுமேனும் மின்கல ஏற்பாடு செய்வதும் இன்றியமையாதவை.

5

மேலே கூறிய முதல் நாள் அனுபவம் தொழில்நுட்பத் தவறு மட்டுமன்று. வன்தட்டில்லாக் கணினி இருளிலே குரல் கொடுக்கிறது. விடை தருபவர் எவரென்று ஆராயும் வழி அம்முதற் கணத்தில் அதற்கு இல்லை. விடை தருபவரே அதன் பணிசெயல் முறைமையையும், எழுத்துருவையும், மாணவர் எழுதியவற்றின் இருப்பிடத்தையும் தீர்மானிக்கிறார். புதிய கணினிகள் பலவற்றில் தொடக்கக் கோப்பின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பாதுகாப்பு உண்டு. ஆயின் அதற்கான திறவுகோல்களாகப் பெரும்பாலும் முன்கூட்டியே பொதிக்கப்பட்டவை மைக்ரோசொப்ட் நிறுவனத்தினுடையவையே. சொந்தத் திறவுகோலைப் பதிக்கவோ அப்பாதுகாப்பை நிறுத்தவோ முடியும் எனினும், அதனை அறிந்தோர் சிலரே.

இங்கு ஒரு முரண்பாடு தோன்றுகிறது. தனியுடைமைத் தட்டுகளை விடுத்துப் பொதுச் சேமிப்பை நாடுவது கூட்டு வாழ்வின் பண்புடையதாகத் தோன்றும். ஆனால் சேமிப்பு ஓரிடத்திற் குவியும்போது அதிகாரமும் அங்கே குவிகிறது. இன்று ‘முகில்’ என அழகுறப் பெயரிட்டு அழைக்கப்படும் சேவைகளும் அடிப்படையில் இத்தகைய அமைப்பே. நம் கைத்தொலைபேசிகளும் மடிக்கணினிகளும் வன்தட்டு உடையனவாயினும், கடிதத்தையும் படத்தையும் ஆய்வேட்டையும் எங்கோ உள்ள நிறுவனமொன்றின் சேவையகத்தில் தேடும் முனையங்களாகவே மாறி வருகின்றன. அச்சேவையகத்தை நாம் பார்த்ததில்லை. அதன் விதிகளை எழுதியதுமில்லை.

எனவே மையம் இருத்தல் வேண்டுமா, வேண்டாமா என்பதன்று வினா. மையம் எவருடையது என்பதே வினா. பாடசாலை அறையிலுள்ள சேவையகம் கண்ணெதிரே இருக்கிறது. அதன் மென்பொருளைத் திறந்து வாசிக்கலாம். இணைய இணைப்பு அற்ற நாளிலும் அது இயங்கும். 2005இல் தொடங்கி ஈழத்துத் தமிழ் எழுத்துகளை எண்ணிம வடிவிற் சேகரித்துவரும் நூலகம் திட்டத்தைப் போன்ற பொதுச் சேகரங்களிலிருந்து பெற்ற நூல்களை, இணையக் கட்டணம் செலுத்த இயலாத மாணவருக்காக அதிலே வைத்துக்கொள்ளவும் முடியும். தொழில்நுட்பம் இச்சாத்தியங்களை மட்டுமே தருகிறது. அவற்றை நடைமுறையாக்குவது மனிதரின் அமைப்பு.

இத்தகைய அறைகள் பல, அமைத்துக் கொடுத்தவர் ஊர் திரும்பியதும் பூட்டப்படுகின்றன. சேவையகத்தின் கடவுச்சொல்லும் அதனை அமைத்த முறையும் அவரோடு சென்றுவிடுவதே காரணம். நன்கொடை வழங்குவோரும் பெறுவோரும் கணினிகளின் எண்ணிக்கையை மட்டும் நோக்கும்வரை இந்நிலை மாறாது. மேலே குறித்த பாடசாலையில் இப்போது தமிழில் எழுதப்பட்ட குறிப்பேடு ஒன்று சேவையகத்தின் அருகே கிடக்கிறது. எந்தக் கோப்பு எங்குள்ளது, இணைப்புப் பெட்டி குறுக்கிட்டால் செய்யவேண்டியது யாது, பிரதியை எவ்வாறு மீட்பது என்பன அதில் உள. அதன் பிற்பகுதிப் பக்கங்கள் உயர்தர வகுப்பு மாணவியர் இருவரின் கையெழுத்தில் அமைந்தவை. கடவுச்சொல்லும் அவர்களிடம் உண்டு.