அண்ணாமலையைச் சுற்றி: லிங்கங்களோடு குளங்களையும் பாருங்கள்

திருவண்ணாமலையில் இருந்து கடற்கரைக்குச் சுமார் 100 கி.மீ. போகணும். ஆனாலும் ஊருக்குத் தெற்கே ஒரு 'சமுத்திரம்' உண்டு. கடலையே பார்க்காத ஒரு ராணிக்குக் கடல் எப்படி இருக்கும்னு காட்ட ராஜா உண்டாக்கிய ஏரி என்று அதற்கு ஒரு கதை சொல்வாங்க. கதை எப்படியோ, மலையின் தென்சரிவில் பெய்கிற மழை இறங்கி வந்து சேருகிற இடங்களில் பெரியது இந்தச் சமுத்திர ஏரிதான்.

கிரிவலம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது 14 கி.மீ. பாதையும் எட்டு லிங்கங்களும். இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன் என்று போய் ஈசானிய லிங்கத்தில் முடியும். இதே பாதையை நீர் இருக்கும் இடங்களை வைத்துப் பார்த்தால் இன்னொரு வரைபடம் கிடைக்கும்.

முதலில் கோயில். 217 அடி ராஜகோபுரத்தைத் தாண்டியதும் இடது பக்கம் சிவகங்கைத் தீர்த்தம். வல்லாள கோபுரத்துக்கு அந்தப் பக்கம் பிரம்ம தீர்த்தம். கோயிலுக்கு வெளியே ஐயங்குளம். தீபத் திருவிழா முடிந்ததும் தெப்பல் நடப்பது இங்கேதான். கிரிவலப் பாதையில் அக்னி தீர்த்தம், ரமணாசிரமத்தை ஒட்டிப் பாலி தீர்த்தம், எம லிங்கம் இருக்கும் பகுதியில் சிம்ம தீர்த்தம், வருண லிங்கத்தருகே வருண தீர்த்தம். மலைமேலும் இப்படித்தான். விருபாட்ச குகைக்கு ஏறும் வழியில் முலைப்பால் தீர்த்தம். ரமணர் 1916 முதல் 1922 வரை இருந்த கந்தாசிரமத்தின் பக்கத்தில் ஒரு சுனை. மலையில் யார் தங்கினாலும் முதலில் தேடியது தண்ணீரைத்தான்.

இத்தனை குளம் எதற்கு? 2,668 அடி உயரமுள்ள இந்த மலை பெரும்பாலும் பாறை. பாறை தண்ணீரைக் குடிக்காது. மேலே இருக்கிற கொஞ்ச மண்ணும் அதில் வளரும் மரம், புல்லும்தான் மழையைப் பிடித்து வைக்கும். மிச்சம் ஓடைகளில் வேகமாக இறங்கும். அதை வழியிலேயே தேக்கி, நிரம்பியதை அடுத்த குளத்துக்கோ ஏரிக்கோ அனுப்பினால் ஊருக்குள் வெள்ளம் வராது, கோடையில் கிணறும் வற்றாது. தீர்த்தம் என்று பெயர் வைத்தது பக்திக்காக இருக்கலாம். அது செய்த வேலை நீர் மேலாண்மை.

மரம் வெட்டியும் கோடையில் தீ பிடித்தும் இந்த மலை ஒரு காலத்தில் மொட்டையாகிக் கிடந்தது. 1980-களின் கடைசியில் இருந்து தன்னார்வலர்கள் கன்றுகள் நட்டு, தீத்தடுப்புக் கோடுகள் வெட்டிக் காப்பாற்றியதால்தான் இன்று சில சரிவுகளில் பச்சை தெரிகிறது. அதை அழகுக்கான வேலை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டியது. மறுநாள், டிசம்பர் 1 அன்று, மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். டிசம்பர் 13 தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. கொப்பரை, நெய் கொண்டுபோகிறவர்கள் போன்ற தேவையான ஆட்கள் மட்டும் போனார்கள்.

சரிவு ஏன் நடக்கிறது என்பது எளிமையான கணக்கு. மண் நனைய நனைய அதன் எடை கூடும். மண்துகள்களுக்கு இடையே தண்ணீர் நிரம்பினால் பிடிப்பு குறையும். அந்த மண்ணில் உட்கார்ந்திருக்கும் பாறை அப்போது நகரும். வேர்கள் இருந்தால் மண்ணுக்குக் கொஞ்சம் பிடிமானம். ஓடை திறந்திருந்தால் தண்ணீர் தேங்காமல் வெளியேறும். சரிவை வெட்டி வீடு கட்டி, ஓடையை அடைத்துவிட்டால் இரண்டும் போச்சு. பெருமழையை யாராலும் தடுக்க முடியாது. தண்ணீருக்கு வழி விடுவது நம் கையில்தான் இருக்கு. அடிவாரத்தில் குடியிருப்பவர்களை மட்டும் குற்றம் சொல்லியும் பயனில்லை. வேறு இடம் கிடைத்தால் யாரும் பாறைக்குக் கீழே வந்து வீடு கட்ட மாட்டாங்க. பாதுகாப்பான மாற்று இடம் கொடுப்பதும், ஓடைகளை மீட்பதும் சேர்ந்தே நடக்கணும்.

அடுத்த முறை போகும்போது, முடிந்தால் பௌர்ணமி இல்லாத ஒரு நாளில், காலை வெளிச்சத்தில் நடந்து பாருங்கள். கூட்டம் இருக்காது. ஒவ்வொரு குளத்தருகிலும் ஐந்து நிமிடம் நின்று மூன்று விஷயம் கவனியுங்கள்: தண்ணீர் மலையில் இருந்து எந்த வழியாக வருகிறது, அந்த வழி திறந்திருக்கிறதா, நிரம்பினால் எங்கே போகும். சில குளங்களில் முதல் கேள்விக்கே பதில் கிடைக்காமல் போகலாம். அந்த இடங்களைத்தான் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.