நூடுல்சில் இத்தாலிச் சமையல்

பின்னேரம் நாலு மணி. பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. நீங்கள் வோபர்னில், மார்க்கம் வீதியும் லோரன்ஸ் வீதியும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியே பனி கொட்டுகிறது. கதவைத் திறந்ததும் அம்மம்மாவின் குரல் கேட்கிறது.

“வந்திட்டியோ பிள்ளை? பசிக்குதோ?”

“ஓம் அம்மம்மா, சரியான பசி.”

அம்மா வேலையால் வர எட்டு மணியாகும். தம்பி ஏற்கெனவே அலுமாரியைத் திறந்துவிட்டான். அவன் கையில் இரண்டு நூடுல்ஸ் பொட்டலங்கள். கனடாவில் பல வீடுகளின் அலுமாரியில் இருக்கும் அதே பொட்டலம்தான்: மூன்று நிமிடத்தில் அவியும், பொட்டலத்துக்குள் ஒரு சின்னத் தூள் பை இருக்கும்.

ஆனால் ஒரு பிரச்சினை. அம்மம்மாவுக்கும் பசிக்கிறது. அவருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. “எனக்குப் பிரஷர், உப்புக் கூடாது எண்டு டொக்டர் சொன்னவர்” என்று சொல்லி, அந்தத் தூளை அவர் தொடவே மாட்டார். அப்படியென்றால் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட என்ன செய்யலாம்?

இத்தாலிக்காரர் செய்வதைப் போலச் செய்யலாம். அவர்களுடைய பாஸ்தாவுக்குத் தூள் பை கிடையாது. எண்ணெய், உள்ளி, தக்காளி, மிளகு, சீஸ் ஆகியவற்றில் இரண்டோ மூன்றோ இருந்தால் அவர்களுக்குப் போதும். அவற்றை நூடுல்சோடு சேர்த்துப் பார்ப்போம். அதற்கு முன் கையிலிருக்கும் பொட்டலத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

இந்த உடனடி நூடுல்சைக் கண்டுபிடித்தவர் மொமோஃபுகு ஆண்டோ. அவர் 1910இல் தைவானில் பிறந்து, பிறகு ஜப்பானில் வாழ்ந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் ஜப்பானில் பெரிய உணவுப் பஞ்சம் இருந்தது. ஒசாகா நகரில் ஒரு கோப்பை நூடுல்ஸ் சூப்புக்காக மக்கள் குளிரில் நீண்ட வரிசையில் நிற்பதை அவர் கண்டார். பல ஆண்டுகள் போன பின், இகெடா என்னும் ஊரில், தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்னக் கொட்டிலில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். நூடுல்ஸ் கெட்டுப்போகாமல் இருக்கவேண்டும். சுடுதண்ணி ஊற்றியதும் தயாராகவும் வேண்டும். எப்படி?

அவருடைய மனைவி எண்ணெயில் பொரித்த தெம்புரா என்னும் பலகாரத்தில் விடை கிடைத்தது. கொதிக்கும் எண்ணெயில் மாவைப் போட்டதும் அதிலுள்ள தண்ணீர் ஆவியாக வெளியே ஓடுகிறது. அது ஓடிய இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ஓட்டைகள். உங்கள் வீட்டில் வடை சுடும்போது எண்ணெய் சடசடவென்று நுரைக்கிறதல்லவா? அதுவும் தண்ணீர் ஓடுகிற சத்தம்தான். ஆண்டோ நூடுல்சை முதலில் ஆவியில் அவித்து, பிறகு எண்ணெயில் பொரித்தார். காய்ந்த நூடுல்ஸ் கிடைத்தது. சுடுதண்ணி ஊற்றினால் அந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்து, நூடுல்ஸ் மீண்டும் மெதுவாகிவிடும். 1958 ஆகஸ்ட் 25இல் அது கடைக்கு வந்தது. அப்போது அவருக்கு 48 வயது.

பாஸ்தா வேறு மாதிரி. அதைப் பொரிப்பதில்லை. டியூரம் என்னும் கடினமான கோதுமையை ரவையாக அரைத்து, தண்ணீரில் பிசைந்து, வடிவம் கொடுத்துக் காயவைப்பார்கள். அதனால்தான் ஸ்பகெட்டி அவிய எட்டு, பத்து நிமிடம் எடுக்கிறது. இங்கே ஒரு வேடிக்கையான செய்தி: உலகில் மிக அதிகமாக டியூரம் கோதுமையை ஏற்றுமதி செய்யும் நாடு நாம் இருக்கும் கனடா. அதில் பெரும்பகுதி சஸ்காட்சுவான் மாகாணத்தில் விளைகிறது. அது கப்பலேறி இத்தாலிக்கும் போகிறது. அங்கே பாஸ்தாவாகி, இத்தாலிக் கொடி போட்ட பெட்டிக்குள் திரும்பவும் டொரொண்டோ கடைக்கு வருவதும் உண்டு!

சரி, அடுப்படிக்குப் போவோம். அம்மம்மாவையும் கூப்பிடுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அடுப்பை மூட்டவேண்டாம்.

“இதென்ன, இடியப்பத்தைச் சுருட்டிக் காயவைச்ச மாதிரிக் கிடக்கு” என்பார் அம்மம்மா. அவர் சொல்வதில் பிழையில்லை. இடியப்பமும் மாவில் பிழிந்த நூல்தானே. அரிசி மாவில் பிழிந்தால் இடியப்பம்.

ஒரு பாத்திரத்தில் நாலு கோப்பைத் தண்ணீர் கொதிக்கட்டும். பாஸ்தா அவிக்கும் தண்ணீரில் இத்தாலிக்காரர் நிறைய உப்புப் போடுவார்கள். நீங்கள் போடவேண்டாம். நூடுல்சிலேயே கொஞ்சம் உப்பு இருக்கிறது. இரண்டு பொட்டலங்களையும் பிரித்து, தூள் பைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, நூடுல்சைத் தண்ணீரில் போடுங்கள். பொட்டலத்தில் மூன்று நிமிடம் என்று எழுதியிருக்கும். இரண்டு நிமிடத்தில் அடுப்பை நூருங்கள். யாழ்ப்பாணத்தில் ‘நூர்’ என்றால் ‘அணை’ என்று பொருள். தமிழ்நாட்டு நண்பர் யாராவது இதைப் படித்தால், “அடுப்பை அணைத்துவிடு” என்று புரிந்துகொள்ளட்டும்.

ஏன் ஒரு நிமிடம் குறைவு? இத்தாலிக்காரர் பாஸ்தாவைக் குழைய விடமாட்டார்கள். கடிக்கும்போது பல்லுக்குக் கொஞ்சம் தெரியவேண்டும். அதை ‘அல் தெந்தே’ என்பார்கள். தெந்தே என்றால் பல். மிச்சம் ஒரு நிமிடம் நூடுல்ஸ் குழம்புக்குள் வேகும். அப்போதுதான் சுவை உள்ளே போகும்.

வடிப்பதற்கு முன் மறக்கக்கூடாத ஒன்று உண்டு: அந்தத் தண்ணீரில் அரைக் கோப்பை எடுத்துவையுங்கள். அது கலங்கலாக இருக்கும். நூடுல்சிலிருந்து கழன்ற மாச்சத்து அதில் இருக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் தானாக ஒட்டாது, உங்களுக்குத் தெரியும். ஆனால் மாச்சத்துள்ள தண்ணீரை எண்ணெயில் விட்டுக் கிளறினால் இரண்டும் சேர்ந்து வழவழப்பாகி நூடுல்சில் ஒட்டிக்கொள்ளும். இத்தாலியச் சமையலின் பெரிய இரகசியம் இந்தக் கலங்கல் தண்ணீர்தான் என்று நான் நினைக்கிறேன். மிச்சத் தண்ணீரை மெதுவாக, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, வடிதட்டில் ஊற்றுங்கள். உப்பில் ஒரு பகுதியும் அதோடு போய்விடும்.

இப்போது முதல் சமையல். ரோமிலும் நாப்போலியிலும் வீட்டில் ஒன்றும் இல்லாத நேரத்தில் இதைத்தான் செய்வார்கள். பெயர் ‘ஆலியோ எ ஓலியோ’. அப்படியென்றால் ‘உள்ளியும் எண்ணெயும்’. அவ்வளவுதான் பெயர்! ஐந்து பல் உள்ளியை மெல்லியதாக வெட்டுங்கள். தமிழ்நாட்டில் இதைப் பூண்டு என்பார்கள். தாச்சியில் மூன்று மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெய் விட்டு, எண்ணெய் சூடாகும் முன்பே உள்ளியைப் போடுங்கள். நெருப்புக் குறைவாக இருக்கட்டும். உள்ளி மெல்ல மெல்லப் பொன்னிறமாகும். அது மண்ணிறமானால் கைக்கும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பொன்னிறம் வந்ததும் ஒரு செத்தல் மிளகாயைக் கிள்ளிப் போடுங்கள்.

இந்த நேரத்தில் அம்மம்மா கட்டாயம் எட்டிப் பார்ப்பார்.

“உது தாளிதம் எல்லோ! கடுகு எங்கை?”

அவர் சொல்வது சரிதான். எண்ணெயைச் சூடாக்கி, அதில் மணமுள்ள பொருளைப் போட்டு, அந்த எண்ணெயைச் சாப்பாட்டோடு சேர்ப்பதுதான் தாளிப்பது. உள்ளியிலும் மிளகாயிலும் உள்ள மணமும் உறைப்பும் தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரையும். இதை ஊரிலும் கண்டுபிடித்தார்கள், இத்தாலியிலும் கண்டுபிடித்தார்கள். கடுகு மட்டும்தான் வித்தியாசம். அவர் நாலு கறிவேப்பிலையைப் போட்டால் தடுக்கவேண்டாம். இத்தாலிக்காரர் யாரும் பார்க்கப்போவதில்லை.

இனி அந்தக் கலங்கல் தண்ணீரில் பாதியை விட்டு, நூடுல்சைப் போட்டு ஒரு நிமிடம் பிரட்டி எடுங்கள். தேசிக்காய் இருந்தால் கொஞ்சம் பிழிந்துவிடுங்கள். புளிப்பு இருந்தால் உப்புக் குறைவது தெரியாது. சமையற்காரர் பலருக்கும் தெரிந்த தந்திரம் இது.

தம்பிக்கு உறைப்புப் பிடிக்காதா? அப்படியானால் தக்காளி. ஒரு சின்ன வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, நன்றாகப் பழுத்த மூன்று தக்காளியை வெட்டிப் போட்டு, மூடி, பத்து நிமிடம் விடுங்கள். பனிக்காலத்தில் கடைத் தக்காளிக்குச் சுவை குறைவு. தகரத்தில் அடைத்த தக்காளியே நல்லது. உப்புச் சேர்க்காதது என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். புளித்தால் ஒரு சிட்டிகை சீனி. இத்தாலிக்காரர் இதில் பேசில் என்னும் இலையைப் போடுவார்கள். அதன் வாசம் உங்களுக்குத் துளசியை நினைவூட்டும். இரண்டும் ஒரே குடும்பம். நம் ஊரில் திருநீற்றுப்பச்சை என்பது பேசில் செடிதான். நீங்கள் குடிக்கிற பலூடாவில் வழுவழுவென்று கறுப்பு விதைகள் மிதக்குமே, இலங்கையில் கசகசா என்போமே, அது இந்தச் செடியின் விதை.

இன்னொரு விஷயம். தக்காளியும் மிளகாயும் இத்தாலியிலும் பிறக்கவில்லை, யாழ்ப்பாணத்திலும் பிறக்கவில்லை. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்தான் ஐரோப்பியரின் கப்பல்களில் ஏறி மற்ற நாடுகளுக்குப் போயின. அதற்கு முன் நம் முன்னோர் உறைப்புக்கு மிளகைத்தான் சேர்த்தார்கள். சங்க இலக்கியத்தில் மிளகுக்குக் ‘கறி’ என்றே ஒரு பெயர். யவனர்கள் பொன்னோடு முசிறித் துறைமுகத்துக்கு வந்து, மிளகு ஏற்றிக்கொண்டு போனதை அகநானூறு சொல்கிறது. அந்த மிளகு போய்ச் சேர்ந்த பெரிய ஊர் ரோம். ஆகவே ரோமாபுரியில் இன்றும் செய்கிற ‘காச்சோ எ பேப்பே’, அதாவது ‘சீஸும் மிளகும்’, நமக்கு முற்றிலும் அந்நியமான சாப்பாடு இல்லை.

அதைச் செய்வது சுலபம். கெடுப்பது அதைவிடச் சுலபம். ஒரு தேக்கரண்டி மிளகை இடித்து, வெறும் தாச்சியில் வாசம் வரும்வரை சூடாக்குங்கள். கால் கோப்பைக் கலங்கல் தண்ணீரும் நூடுல்சும் சேருங்கள். பிறகு அடுப்பை நூர்த்துவிட்டு, ஒரு நிமிடம் ஆறவிட்டு, துருவிய சீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். அவசரப்பட்டுக் கொதிக்கும்போதே போட்டால், சீஸ் திரண்டு கட்டியாகி, றப்பர் போலக் கரண்டியில் தொங்கும். எனக்கு இரண்டு தரம் அப்படி நடந்தது. சீஸிலும் உப்பு உண்டு. அம்மம்மாவின் தட்டில் மிளகு கூட, சீஸ் குறைய.

ஒதுக்கிவைத்த தூள் பை என்னாவது? பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். சோடியம் என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் விழுக்காடு இருக்கும். கனடாவில் 5 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே என்றால் குறைவு. 15 விழுக்காடு அல்லது அதற்கு மேலே என்றால் அதிகம். எத்தனை நூடுல்சுக்கு அந்தக் கணக்கு என்றும் பாருங்கள். அரைப் பொட்டலத்துக்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தால் இரண்டால் பெருக்கவேண்டும். பல பொட்டலங்களில், தூளையும் சேர்த்தால், ஒரு நாளுக்குரிய உப்பில் பாதிக்கு மேல் வந்துவிடும். இதை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பெட்டியில் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான் இருக்கும். தமிழில் சொல்ல வீட்டில் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

சுடுசட்டியைத் தூக்கும்போது தம்பியைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கோப்பை நூடுல்சையும் மேசை விளிம்பில் வைக்கவேண்டாம். கோப்பை உயரமானது, தட்டுப்பட்டால் கவிழும். கையில் கொட்டிவிட்டால் உடனே குழாயின் குளிர்ந்த தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் பிடியுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். உடனே பெரியவரிடம் சொல்லுங்கள்.

மூன்று தட்டு. தம்பிக்குத் தக்காளி, உங்களுக்கு விருப்பமானது, அம்மம்மாவுக்கு உள்ளி. அவர் முள்ளுக்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு விரலால் எடுத்துச் சாப்பிடுவார்.

“என்னெண்டு இருக்கு அம்மம்மா?”

“பறவாயில்லை. உள்ளி இன்னும் ரெண்டு பல்லுப் போட்டிருக்கலாம்.”

அம்மாவுக்கும் எடுத்துவைக்கவேண்டுமே. நூடுல்சைக் கலந்து வைத்தால் எட்டு மணிக்குள் அது குழம்பை எல்லாம் உறிஞ்சி ஊதிப் பசைபோல ஆகிவிடும். அந்தச் சின்ன ஓட்டைகள் செய்கிற வேலை. ஆகவே தக்காளிக் குழம்பை மட்டும் மூடி வையுங்கள். அம்மா வந்து, சப்பாத்தைக் கழற்றி, முகம் கழுவி வரட்டும். பிறகு தண்ணீரைக் கொதிக்கவையுங்கள். இரண்டு நிமிடம்தானே.