ஏரிக்கரையில் ஒரு காலை நடை

ஆவடி பருத்திப்பட்டு ஏரியின் காலைப் பொழுதைக் கண்டவர்கள் அறிவார்கள். அருகிலுள்ள கல்லூரிகளின் மாணவர்கள் மெல்லோட்டமாகக் கடந்து செல்வார்கள். பணி ஓய்வு பெற்றவர்கள் பேசிக்கொண்டே நடப்பார்கள். நீரின் நடுவே பறவைகள் இரை தேடிக்கொண்டிருக்கும். இக்காட்சியில் தமக்கு இனி இடமில்லை என்று எண்ணிய ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தார்.

வயது ஐம்பத்தெட்டு. மாரடைப்பு ஏற்பட்டு, ஸ்டென்ட் பொருத்தப்பட்டு, மூன்று மாதங்கள் கடந்திருந்தன. பரிசோதனை முடிவுகள் மனநிறைவு தருவனவாகவே இருந்தன. உடன் வந்த மனைவி, "டாக்டர், இவரை நான் மாடிப்படிகூட ஏற விடுவதில்லை" என்றார். அந்த அன்பைக் குறை கூற யாருக்கும் மனம் வராது. ஆயினும் அந்த அன்பே அவரை நாற்காலியில் அமர்த்திவிட்டிருந்தது.

உழைக்கும் இதயம்

1953ஆம் ஆண்டு ஜெர்ரி மோரிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார். நாள் முழுவதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைக் காட்டிலும், மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. பின்வந்த ஆய்வுகள் பலவும் இக்கருத்தையே வலுப்படுத்தின. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நாளொன்றுக்கு அரை மணி நேரமாக, வாரம் ஐந்து நாள்கள் நடந்தால் 150 நிமிடங்கள் நிறைவுறும். மருத்துவரின் ஒப்புதலோடு படிப்படியாக நடக்கத் தொடங்குவது, குணமடைந்து வரும் இதய நோயாளிக்கும் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

எங்கே நடப்பது?

தொடங்குவோருக்குப் பருத்திப்பட்டு ஏரிப் பூங்கா ஏற்றது. 2019இல் திறக்கப்பட்ட இப்பூங்காவின் நடைபாதை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுடையது. சமதளமாதலின் மூச்சு வாங்காமல் நடக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வட்டப் பாதையில் பாதி தூரம் சென்றபின் களைப்புற்றால், எத்திசையில் திரும்பினாலும் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். ஆகவே முதல் சில வாரங்கள் ஏரியைச் சுற்ற முயல வேண்டா. நுழைவாயிலிலிருந்து ஐந்து நிமிடம் நடந்து, அதே வழியில் திரும்பி வருக. வாரந்தோறும் சில நிமிடங்களைக் கூட்டிக்கொள்ளலாம்.

பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரிக்கரையின் அழகு வேறு வகையானது. கடல்போல் விரியும் நீர்ப்பரப்பும் தடையற்ற காற்றும் மனத்திற்கு இதம் தருவன. ஆயினும் நீண்ட கரை, நிழல் குறைவு, அவசரத்தில் உதவி கிட்டுவதும் அரிது. ஆதலின் உடல் தேறாதவர்கள் அங்குத் தனியே செல்லலாகாது. அனுமதிக்கப்பட்ட பகுதிகளிலேயே நடக்க வேண்டும்.

இவ்விடங்கள் தொலைவெனில், வீட்டருகே உள்ள பூங்காவோ மரநிழல் உள்ள உட்தெருவோ போதும். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சாலைகள் போன்ற வாகனப் புகை மிகுந்த சாலைகளைத் தவிர்ப்பது நன்று. கோடையில் ஏழு மணிக்கு முன்னரே முடித்துக்கொள்க. மழைக்காலத்தில் வழுக்கும் ஏரிக்கரையைவிட வீட்டின் கூடமே பாதுகாப்பானது.

எவ்வளவு வேகம்?

நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாதிருக்க வேண்டும். அதுவே மிதமான வேகம். பேசவே இயலவில்லை எனில் வேகம் மிகுதி என்று பொருள். மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்ற மாத்திரைகள் நாடித்துடிப்பைக் குறைத்துக் காட்டும். அவற்றை உட்கொள்வோர் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாமல், இந்தப் பேச்சுச் சோதனையையே நம்பலாம். முதல் ஐந்து நிமிடமும் இறுதி ஐந்து நிமிடமும் மெதுவாக நடக்க வேண்டும். மாணவர்களைப் போல ஓட விரும்பினால், முதலில் மருத்துவரைக் கண்டு, தேவையான பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

நீரிழிவுக்காக இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும். வெறுங்காலுடன் நடக்கலாகாது. வீடு திரும்பியதும் பாதங்களில் கொப்புளமோ காயமோ உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

உடனே நிறுத்துக

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல், தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை ஆகியவற்றில் எது தோன்றினாலும் நடையை நிறுத்தி அமர்ந்துவிடுங்கள். நாவின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தால், அமர்ந்த நிலையிலேயே மருத்துவர் கூறியவாறு அதைப் பயன்படுத்துங்கள். தாமதமின்றி 108ஐ அழையுங்கள். "வாயுவாக இருக்கும்" என்று வீடுவரை நடந்து செல்வதே பேராபத்து.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

"நடக்காதீர்கள்" என்று தடுப்பதைவிட, "நானும் வருகிறேன்" என்று உடன் செல்வது மேலானது. நான் முதலில் குறிப்பிட்டவரின் மனைவியிடமும் இதையே கூறினேன். அவர் தயங்கினார், பின்னர் இசைந்தார். அடுத்த முறை வந்தபோது, ஏரியை ஒருமுறை முழுதாகச் சுற்றிவிட்டதாக அவர் கணவர் சொன்னார். "இரண்டு இடத்தில் உட்கார்ந்தோம் டாக்டர், எனக்குத்தான் மூச்சு வாங்கியது" என்று அந்த அம்மையார் சிரித்தார். அவருக்கும் இரத்த அழுத்தம் பார்க்கும்படி எழுதிக் கொடுத்தேன்.