வெந்நீர் யார் கணக்குல? ஒரு சஸ்டெயினபிலிட்டி ரிப்போர்ட்டைப் படிக்கிற விதம்

இது எங்கள் எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. எம்.காம். முடிச்சுட்டு, ஒரு பெரிய கம்பெனியோட சஸ்டெயினபிலிட்டி ரிப்போர்ட்டிங் டீம்ல சேரப்போற ஒருத்தர் அனுப்பினது. "அண்ணா, இதுல நிஜமாவே ஏதாவது நடக்குதா, இல்ல அடுத்த நாலு வருஷம் பச்சைக் கலர்ல பிபிடி பண்ணப்போறேனா?"

நியாயமான கேள்வி. 'எல்லாம் பொய்'னு ஒரு வரியில முடிச்சிடலாம், கைத்தட்டலும் வரும். ஆனா அந்த ரிப்போர்ட்டுகள்ல நேரடியான பொய் ரொம்பக் கம்மி. நம்பர் பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். அந்த நம்பர் எதைக் கணக்குல எடுத்திருக்கு, எதை விட்டிருக்கு, எதால வகுத்திருக்கு, இதைத்தான் பார்க்கணும். இதுக்கு நான் எடுத்துக்கிட்ட உதாரணம் யூனிலீவர். மோசமான கம்பெனின்னு இல்ல. இந்த மாதிரி ரிப்போர்ட்டிங்ல ரொம்ப நாள் முன்னோடின்னு பேர் வாங்கினவங்க. பதினஞ்சு வருஷ வாக்குறுதிகள் பொதுவெளியில இருக்கு. லைஃப்பாய், சர்ஃப் எக்செல், டவ், க்ளினிக் ப்ளஸ்னு நம்ம வீட்டு பாத்ரூம்லயும் இருக்காங்க.

2010 நவம்பர். அப்போ பால் போல்மன் சி.இ.ஓ. 'சஸ்டெயினபிள் லிவிங் ப்ளான்' அப்படின்னு ஒரு பத்து வருஷத் திட்டம் அறிவிச்சாங்க. கம்பெனியோட சைஸ் இரட்டிப்பாகணும், சுற்றுச்சூழல் பாதிப்பு பாதியாகணும். கேட்கவே ஜோரா இருக்கு இல்லையா?

இப்போ சின்ன எழுத்தைப் படிப்போம். பாதியாகப் போறது மொத்தப் பாதிப்பு இல்ல, 'ஒரு தடவை உபயோகத்துக்கு' ஆகுற பாதிப்பு. ஒரு தடவை தலைக்குக் குளிக்க, ஒரு லோடு துணி துவைக்க எவ்வளவு கார்பன், எவ்வளவு தண்ணி, எவ்வளவு குப்பை. சரி, ஒவ்வொரு உபயோகத்துலயும் பாதி ஆச்சுன்னு வைங்க. உபயோகம் ரெண்டு மடங்கு ஆச்சுன்னு வைங்க. பாதியை ரெண்டால பெருக்கினா? ஆரம்பிச்ச இடத்துலயே நிக்கிறோம். திட்டம் நூத்துக்கு நூறு ஜெயிச்சாலும் மொத்தக் கார்பன் அப்படியே இருக்கலாம். இதை யாரும் ஒளிக்கல, ரிப்போர்ட்லயே இருக்கு. அந்த 'ஒரு தடவைக்கு'ங்கிற வார்த்தையை நாமதான் தாண்டிப் போயிடுறோம். (வியாபாரம் இரட்டிப்பாகலைங்கிறது தனிக் கதை. 2010-ல சுமார் 4,400 கோடி யூரோ, 2020-ல சுமார் 5,000 கோடி யூரோ.)

பைக் மைலேஜ் மாதிரி நினைச்சுக்கோங்க. 45 கொடுத்த வண்டி சர்வீஸ் பண்ணதும் 60 கொடுக்குது. ஆனா ஆபீஸ் மாறி, தினமும் 10 கிலோமீட்டர் ஓட்டினவர் இப்போ 20 ஓட்டுறார். மைலேஜ் ஏறினது உண்மை. பெட்ரோல் பில் ஏறினதும் உண்மை. எதை ரிப்போர்ட்ல பெரிய எழுத்துல போடுவாங்கன்னு சொல்லத் தேவையில்ல.

இதுக்கு ரிப்போர்ட்டிங் பாஷையில இன்டென்சிட்டி, அப்சல்யூட்னு சொல்றாங்க. நாம 'வீதம்', 'மொத்தம்'னு வச்சுக்கலாம். ரெண்டும் வேணும். வீதத்தை மட்டும் காட்டுற பக்கம் வந்தா, மொத்தத்தைத் தேடிப் போங்க.

இப்போதான் எனக்குப் பிடிச்ச பகுதி. யூனிலீவர் அந்தக் கணக்கைப் போட்டப்போ தெரிஞ்ச விஷயம்: அவங்க பொருட்களோட கார்பன்ல 60 சதவீதத்துக்கு மேல வந்தது ஃபேக்டரியிலிருந்து இல்ல, லாரியிலிருந்து இல்ல. உங்க பாத்ரூம்லேருந்து. ஷாம்பூ போட்டுட்டு நிக்கிறீங்களே, அந்தக் கீசர் வெந்நீர். அதைச் சூடாக்குற கரண்ட், கேஸ்.

அப்போ என்ன ஆச்சுன்னா, ஃபேக்டரி பக்கம் நல்ல முன்னேற்றம். ஒரு டன் உற்பத்திக்கு ஆகுற எரிசக்திக் கார்பன், 2008-ஐ ஒப்பிட்டா, பாதிக்கும் மேல குறைஞ்சது. ஃபேக்டரிக் கழிவு குப்பைமேட்டுக்குப் போறதை, அபாயமில்லாத கழிவுகளைப் பொறுத்தவரை, கிட்டத்தட்ட நிறுத்திட்டாங்க. ஆனா முழுப் பயணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டா, ஒரு தடவை உபயோகத்துக்கான கார்பன் பல வருஷம் குறையுறதுக்குப் பதிலா 2010-ஐ விட அதிகமாவே இருந்துச்சு. தலைமுடி, குளியல் பொருட்கள் வியாபாரத்தை வாங்கிப் பெருக்கினதும் ஒரு காரணம்னு அவங்களே சொன்னாங்க. அதெல்லாம் வெந்நீர் பொருட்கள் ஆச்சே. 2020-க்கான பாதி இலக்கு 2030-க்குத் தள்ளிப் போச்சு.

இதைப் படிச்சப்போ எனக்கு ஒரு மரியாதை வந்துச்சு, உண்மையைச் சொல்லணும். தன் கட்டுப்பாட்டுல இல்லாத ஒரு விஷயத்தைக் கணக்குல சேர்த்து, அது தப்பான திசையில போனதையும் வருஷா வருஷம் அச்சடிக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

அப்புறம் 2020-ல புதுசா ஒரு வாக்குறுதி: 2039-க்குள்ள நெட் ஜீரோ. தலைப்புல எல்லாரும் அதைத்தான் பார்த்தோம். சின்ன எழுத்துல என்ன இருந்துச்சு தெரியுமா? மூலப்பொருள் வாங்குறதுலேருந்து 'கடையில விக்கிற வரைக்கும்'. அதாவது பாட்டில் பில் போட்டதும் கோடு போட்டாச்சு. வெந்நீர் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

இது ஏமாத்து வேலையான்னா, விதிப்படி இல்ல. உலகம் முழுக்கக் கம்பெனிகள் பயன்படுத்துற ஜி.எச்.ஜி. ப்ரோட்டோகால் கார்பனை மூணா பிரிக்குது. ஸ்கோப் 1, நீங்களே எரிக்கிறது. ஸ்கோப் 2, நீங்க வாங்குற கரண்ட். ஸ்கோப் 3, உங்களுக்கு முன்னாடியும் பின்னாடியும் சங்கிலியில நடக்கிற மத்த எல்லாம். ஒரு கார் கம்பெனி, கார் எரிக்கிற பெட்ரோலைக் கணக்குல சேர்த்தே ஆகணும். ஆனா சோப்பு தானா எதையும் எரிக்கிறதில்ல, தண்ணியைச் சூடாக்குறது கீசர். இந்த மாதிரி மறைமுக உபயோகத்தைச் சேர்க்கிறது கம்பெனியோட விருப்பம். அதனால விதி மீறல் இல்ல. 2024-ல புதுப்பிச்ச காலநிலைத் திட்டத்துல ஸ்கோப் 3-க்கு மொத்த அளவுலயே குறைப்பு இலக்கு வச்சாங்க, வீதத்துல இல்ல. அது நல்ல மாற்றம்தான். ஆனா ஒப்பிடுற வருஷம் இப்போ 2021. கோடு வேற, ஆரம்பப்புள்ளி வேற. 2010 கதையையும் இதையும் ஒரே கிராஃப்ல போட முடியாது. என்னைக் கேட்டா, பெரிய விஷயம் அதுதான்.

ஆரம்பப்புள்ளி பத்தி இன்னொண்ணு. கம்பெனி ஒரு தொழிலை வித்துட்டா அதோட கார்பனும் புத்தகத்தை விட்டுப் போயிடும். யூனிலீவர் தேயிலை வியாபாரத்தோட பெரும்பகுதியை 2022-ல வித்தாங்க. தோட்டமும் ஃபேக்டரியும் எங்கேயும் போகல, இன்னொருத்தர் புத்தகத்துக்குப் போச்சு. இப்படி நடந்தா பழைய வருஷ நம்பரையும் திருத்திக் காட்டணும்னு ப்ரோட்டோகால் சொல்லுது. ரிப்போர்ட்ல 'ரீஸ்டேட்டட்'னு ஒரு ஸ்டார் போட்டு அடிக்குறிப்பு இருந்தா பயப்படாதீங்க, அது நல்ல அறிகுறி. விக்கிறதுக்கு முந்தின நம்பரையும் அப்புறமான நம்பரையும் திருத்தாம பக்கத்துல வச்சு 'குறைச்சுட்டோம்'னா, அங்கே கேளுங்க.

பிளாஸ்டிக்குக்கு வருவோம். 2019 அக்டோபர்ல சொன்னது: 2025-க்குள்ள புது பிளாஸ்டிக் உபயோகத்தைப் பாதியாக்குவோம். அப்போ வருஷத்துக்குச் சுமார் 7 லட்சம் டன் பிளாஸ்டிக் பேக்கேஜிங். 2024 ஏப்ரல்ல மாத்திட்டாங்க: 2026-க்குள்ள 30 சதவீதம், 2028-க்குள்ள 40 சதவீதம். எல்லா பேக்கேஜிங்கும் மறுசுழற்சிக்கோ, மறுபயன்பாட்டுக்கோ, உரமாக்கவோ ஏத்ததா இருக்கும்னு சொன்னதும் 2025 தான். அது பாட்டில், டப்பா மாதிரி கெட்டியானதுக்கு 2030, நெகிழ்வானதுக்கு 2035.

நெகிழ்வானதுன்னா? சாஷே. நம்ம ஊர் பெட்டிக்கடையில சரம் சரமாத் தொங்குதே, அது. இதுல நமக்கு ஒரு உரிமை இருக்கு பாருங்க. ஷாம்பூவைச் சாஷேல போட்டு எளியவங்க கைக்குக் கொண்டுவந்த கதை கடலூர்லேருந்துதான் வருது. சின்னிகிருஷ்ணனோட வெல்வெட், அப்புறம் அவர் மகன் ரங்கநாதனோட சிக். பெரிய கம்பெனிகள் பின்னாடி வந்து அதே வழியைப் பிடிச்சாங்க. ஒரு ரூபாய்க்குத் தலைக்குக் குளிக்க முடிஞ்சது எத்தனையோ வீடுகளுக்கு நிஜமான சௌகரியம், அதைக் கேலி பண்ண நான் தயாரில்ல. ஆனா அந்தப் பல அடுக்கு உறையைப் பிரிச்சு மறுசுழற்சி பண்றது கஷ்டம், பழைய பேப்பர்காரர் எடுக்க மாட்டார். அந்தப் பிரச்சனைக்கான தேதிதான் 2035.

இங்கே இந்தியாவுல இன்னொரு வார்த்தை கேட்டிருப்பீங்க: 'பிளாஸ்டிக் நியூட்ரல்'. பேக்கேஜிங்குக்கு எவ்வளவு பிளாஸ்டிக் போட்டோமோ, அதுக்கு மேலயே சேகரிச்சு 'ப்ராசஸ்' பண்ணிட்டோம்னு அர்த்தம். 2021-ல இந்துஸ்தான் யூனிலீவர் இப்படிச் சொன்னாங்க. 'ப்ராசஸ்'னா மறுபடி பாட்டில் ஆச்சுன்னு நினைக்காதீங்க. நம்ம நாட்டு விதிகள்படி மறுசுழற்சி பண்ண முடியாத உறைகளைச் சிமென்ட் சூளையில எரிபொருளாப் போடலாம், ரோடு போடலாம். தெருவுல கிடக்கிறதுக்கு அது மேல்தான். ஆனா எரிச்சது திரும்பி வராது. ரிப்போர்ட்ல ஒரே நம்பருக்குள்ள ரெண்டும் இருக்கலாம். பிரிச்சுக் கொடுத்திருக்காங்களான்னு பாருங்க.

'ஆடிட் பண்ணியிருக்காங்களே'ன்னு கேட்பீங்க. கடைசிப் பக்கங்கள்ல அஷ்யூரன்ஸ் லெட்டர் ஒண்ணு இருக்கும். அதுல 'லிமிடெட்'னு இருந்தா, ஆடிட்டர் சொல்றது: நாங்க பார்த்த அளவுல தப்புன்னு எதுவும் கண்ணுல படல. 'ரீசனபிள்'னு இருந்தா: நாங்க சோதிச்சோம், சரியா இருக்கு. வீடு வாங்கும்போது வெளியிலேருந்து பார்த்துட்டு வர்றதுக்கும், பத்திரத்தை வக்கீல்கிட்ட கொடுக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம். எந்தெந்த நம்பருக்கு அந்த லெட்டர் பொருந்தும்னும் ஒரு பட்டியல் இருக்கும். முழு ரிப்போர்ட்டுக்கும்னு நினைச்சிடாதீங்க.

வாய்ஸ் நோட் அனுப்பினவர் இந்தியாவுலதான் வேலை பார்க்கப் போறார். அதனால அவர் கையில வரப்போறது செபியோட பி.ஆர்.எஸ்.ஆர். படிவம். 2022-23-லேருந்து பங்குச்சந்தையில முதல் 1,000 கம்பெனிகளுக்குக் கட்டாயம். பளபளப்பு ரிப்போர்ட்டை விட எனக்கு இந்த வறட்டுப் படிவம்தான் பிடிக்கும். கடற்கரைப் போட்டோ கிடையாது. இந்த வருஷம், போன வருஷம், ரெண்டு காலம். தண்ணி, கழிவு, கார்பன். ஆண்களோட நடுநிலைச் சம்பளம் எவ்வளவு, பெண்களோடது எவ்வளவு, அதுவும் இருக்கு. நீங்க வேலை பார்க்கிற கம்பெனி அந்தப் பட்டியல்ல இருந்தா, லஞ்ச் டைம்ல திறந்து பாருங்க.

ஆனா ரெண்டு ஓட்டை. ஸ்கோப் 1, 2 கட்டாயப் பகுதியில இருக்கு. ஸ்கோப் 3 'லீடர்ஷிப்' பகுதியில, அதாவது விருப்பம் இருந்தா. சோப்பு, ஷாம்பூ கம்பெனிக்குப் பெரும்பங்கு இருக்கிறதே அங்கேதான். இரண்டாவது, வீதத்தைப் பெரும்பாலும் விற்பனை ரூபாயால வகுக்கிறாங்க. சோப்பு விலையை ஏத்தினாலே 'ஒரு ரூபாய்க்கான கார்பன்' இறங்கிடும். ஒரு பல்பைக்கூட மாத்த வேணாம்.

சரி, கேள்விக்கு வர்றேன். பச்சைக் கலர் பிபிடி கண்டிப்பா இருக்கும், தப்பிக்க முடியாது. ஆனா எந்தக் கோடு வரைக்கும் கணக்கு, எந்த வருஷத்தோட ஒப்பீடு, எந்த அடிக்குறிப்பைப் போடுறது, இதையெல்லாம் முடிவு பண்ற எக்செல் ஷீட்டும் உங்க டீம்லதான் இருக்கும். பெரும்பாலும் அது ஜூனியர் ஒருத்தர் லேப்டாப்ல. சேர்ந்த முதல் வாரம், பேஸ் இயர் நம்பர் எந்த ஃபைல்ல இருக்கு, கடைசியா யார் மாத்தினது, ஏன் மாத்தினதுன்னு கேளுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கு இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, கம்பெனி பேர் வேணாம்.